ஸ்போர்ட்டி காருக்கு விண்டர் டயரா, ஆல்-சீசன் டயரா?

வேகத்துக்கும் வளைவுக்கும் பேர்போன கார்களில் பலவற்றுக்குக் கம்பெனியிலேயே சம்மர் டயரை மாட்டித்தான் அனுப்புகிறார்கள். வாங்கியவர் அதைக் கவனிப்பது முதல் குளிர் வரும்போதுதான். அதனால் "விண்டர் டயர் வாங்கவா, ஆல்-சீசன் போதுமா" என்று கேட்பவர் மனதில் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு கேள்வியும் இருக்கும். இருக்கிற டயரையே வைத்துக்கொண்டு கொஞ்சம் நிதானமாக ஓட்டினால் என்ன? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

சூடேறிய தார்ச்சாலையில் அழுத்தி பிரேக் போட்டாலும் குழைந்துபோகாமல் நிற்பதற்காகச் செய்ததுதான் சம்மர் டயரின் ரப்பர் கலவை. வெப்பநிலை இறங்க இறங்க அது விறைக்கும். 7 டிகிரி செல்சியஸ் என்று எல்லோரும் ஒரு கணக்கு சொல்வார்கள். 8-ல் நன்றாக இருந்த டயர் 6-ல் கெட்டுப்போவதில்லை, அது தோராயமான எல்லைதான். ஆனால் பூஜ்யத்தை நெருங்கும்போது, சாலை காய்ந்தே இருந்தாலும், பிடி குறைந்திருப்பது ஸ்டியரிங்கிலேயே தெரியும். சுமார் மைனஸ் 7-க்குக் கீழே போய்விட்டால், சில உயர்ரக சம்மர் டயர்களைப் போட்டு வண்டியை நகர்த்தவே கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். இறுகிப்போன ரப்பர் மடங்கும்போது பட்டனில், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளில், விரிசல் விழலாம். பனியே விழாமல் வெறும் குளிர் மட்டும் அடிக்கும் இடங்களுக்கும் இது பொருந்தும். மெதுவாக ஓட்டினால் டயர் இளகிவிடாது.

சரி, இனி உண்மையான போட்டிக்கு வருவோம்.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

ஆல்-சீசன் என்ற பெயரை மட்டும் நம்பி ஒப்பிட உட்கார்ந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அமெரிக்காவில் 1977-ல் குட்இயர் நிறுவனம் டியம்போ என்ற ரேடியல் டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது பரவிய சொல் அது. அப்போது மனதில் இருந்தது சாதாரணக் குடும்பக் கார். வருடம் முழுக்க ஒரே டயர், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மாற்றுகிற தொல்லை இல்லை. அந்த வழியில் வந்த வட அமெரிக்க ஆல்-சீசன் டயர்கள் பலவற்றில் 'எம்+எஸ்' என்ற எழுத்து மட்டும் இருக்கும். சேறும் பனியும் என்பதன் சுருக்கம் அது. அந்த எழுத்தைப் போட்டுக்கொள்ள பனியில் ஓட்டிக் காட்டவேண்டிய அவசியம் இல்லை. பட்டனின் வடிவமும் இடைவெளியும் ஒரு அளவுக்கு இருந்தால் போதும்.

மூன்று சிகரங்கள் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள் என்று ஒரு சின்னம் டயரின் பக்கவாட்டில் இருக்கிறதா பாருங்கள். 1999-ல் வட அமெரிக்காவில் வந்த அடையாளம் அது. இப்போது ஐரோப்பாவிலும் அதுதான் அளவுகோல். அமுங்கிய பனியில் இழுவையையோ பிரேக்கையோ அளந்து பார்த்து, குறித்த அளவைத் தாண்டினால்தான் அதைப் பொறிக்க முடியும். வளைவில் எப்படித் திரும்பும், ஐஸில் எப்படி நிற்கும் என்பதையெல்லாம் அந்தச் சின்னம் சொல்லாது. அதனால் அது அடிப்படைத் தகுதி, அவ்வளவுதான். உயர்ந்த மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐரோப்பாவில் ஆல்-சீசன் என்று விற்பவை பெரும்பாலும் இந்தச் சின்னத்தோடு வருபவை. 2015-ல் வந்த மிஷலின் கிராஸ்கிளைமேட் அந்த வகையைப் பிரபலமாக்கியது. அதே குணமுள்ள டயரை வட அமெரிக்காவில் ஆல்-வெதர் என்பார்கள். எனவே வேறு கண்டத்தில் இருப்பவர் "என் ஆல்-சீசன் பனியில் பிரமாதம்" என்று சொன்னால், அவர் எந்த ஆல்-சீசனைச் சொல்கிறார் என்று ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

ஸ்போர்ட்டி காருக்கு வரும்போது இதிலேயே தனி ரகம் ஒன்று உண்டு: அல்ட்ரா ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆல்-சீசன். மிஷலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4, கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம் கான்டாக்ட் டிடபிள்யூஎஸ் 06 பிளஸ் போன்றவை. சம்மர் டயரின் குணத்தைக் கூடியவரை வைத்துக்கொண்டு, குளிரில் விறைக்காத கலவையும் கொஞ்சம் பனிப் பிடியும் சேர்த்தால் வருவது இது. கான்டினென்டல் டயரில் ஒரு நேர்மையான ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். பட்டனிலேயே டி, டபிள்யூ, எஸ் என்று எழுத்துகளைச் செதுக்கியிருப்பார்கள்; காய்ந்த சாலை, ஈரம், பனி என்று பொருள். தேயத் தேய முதலில் அழிவது எஸ். அது மறைந்துவிட்டால் இனி பனிக்கு இந்த டயரை நம்பாதே என்று டயரே சொல்லிவிடுகிறது. ஆல்-சீசன் வாங்குகிற எல்லோரும் மனதில் வைக்கவேண்டியது இது. கடையில் இருந்து வந்தபோது இருந்த பனிப் பிடி, பாதி தேய்ந்த மூன்றாவது குளிர்காலத்தில் இருக்காது.

விண்டர் டயர் என்ன செய்கிறது

விண்டர் டயரின் பட்டன் ஒன்றை விரலால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். அது சாயும். ஒவ்வொரு கட்டையிலும் கத்தியால் கீறியதுபோல நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள் இருக்கும். சைப் என்பார்கள். சக்கரம் உருளும்போது அந்த வெட்டுகள் விரிந்து பனியைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். கையில் பனியை அமுக்கினால் உருண்டையாக ஒட்டிக்கொள்கிறதல்லவா, அதே வித்தைதான்: பனியைப் பிடிக்கப் பனியைவிட நல்ல பொருள் இல்லை. ஓடுகிற விண்டர் டயரில் பனி அப்பியிருப்பதைப் பார்த்து அழுக்கு என்று நினைக்க வேண்டியதில்லை, அது வேலை செய்துகொண்டிருக்கிறது. சிலிக்கா நிறைந்த கலவை மைனஸ் டிகிரியிலும் இளகியே இருப்பதால்தான் இதெல்லாம் நடக்கிறது.

விண்டர் டயரிலும் இரண்டு ஜாதி உண்டு. ஸ்போர்ட்டி கார்காரர்கள் தவறான ஜாதியை வாங்கிவிட்டு, "விண்டர் டயர் போட்டால் காரே செத்துவிடுகிறது" என்று புலம்புவதைப் பார்க்கலாம்.

ஒன்று, ஐஸுக்கென்றே செய்த ஸ்டட்லெஸ் (ஆணி இல்லாத) டயர். பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக், மிஷலின் எக்ஸ்-ஐஸ், நோக்கியன் ஹக்கபெலிட்டாவின் ஆர் வரிசை எல்லாம் இந்தப் பக்கம். பிளிசாக் 1988-ல் ஜப்பானில் பிறந்தது. ஆணி அடித்த டயர்கள் தார்ச்சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசி அங்கே பெரிய பிரச்சினையாகி, 1990-ல் அவற்றைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்தது. ஆணி இல்லாமல் ஐஸில் நிற்க வேண்டும் என்ற கட்டாயத்தில் வளர்ந்த ரகம் இது. ஐஸ் வழுக்குவதற்குப் பெரிய காரணம் அதன் மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம். மைனஸ் 20-ல் இருக்கும் ஐஸைவிட, பூஜ்யத்தை ஒட்டி லேசாக உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் மோசமாக வழுக்குவது அதனால்தான். பிளிசாக்கின் ரப்பரில் இருக்கும் நுண்துளைகள் அந்த நீரை உறிஞ்சி விலக்கும். ஐஸில் இந்த ரகத்தை மிஞ்ச ஆணி டயரால்தான் முடியும். ஆனால் காய்ந்த நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால், கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். வேக மதிப்பீடும் குறைவு. டி என்றால் மணிக்கு 190 கி.மீ., ஹெச் என்றால் 210.

இரண்டாவது, பெர்ஃபார்மன்ஸ் விண்டர். மிஷலின் பைலட் ஆல்பின் 5, பிரெல்லி சோட்டோசீரோ வரிசை, கான்டினென்டல் விண்டர் கான்டாக்ட் டிஎஸ் 860 எஸ் போன்றவை. ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் காலையில் பனி, மதியம் ஈரம், மாலையில் காய்ந்த நெடுஞ்சாலை என்று ஒரே நாளில் மூன்றும் பார்க்கிறவர்களுக்காக உருவானவை. வி (240 கி.மீ.), டபிள்யூ (270 கி.மீ.) மதிப்பீட்டிலும் கிடைக்கும். ஐஸில் முதல் ரகத்துக்குக் கொஞ்சம் பின்தங்கும். ஆனால் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். சாலை உப்புத் தூவிச் சுத்தமாக இருக்கும் இடங்களில், ஸ்போர்ட்டி காருக்குப் பொருத்தம் இதுதான் என்பது என் எண்ணம்.

எதில் எதை இழக்கிறோம்

ஆல்-சீசனின் விலை கடை ரசீதில் தெரியாது. வருடம் முழுக்க, ஓட்ட ஆசையாக இருக்கும் வெயில் நாட்களிலும், கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டிருப்போம். நல்ல அல்ட்ரா ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆல்-சீசன் அன்றாட ஓட்டத்தில் பிரச்சினை எதுவும் தராது. ஆபீஸ் போய்வருகிறவர் பலருக்கு வித்தியாசமே தெரியாது. வளைவில் கொஞ்சம் விரட்டினால் தெரியும். ஒரு மலைப்பாதையில் தொடர்ந்து பத்து வளைவு எடுத்தால் பட்டன் சூடேறிப் பிடி தளர்வது இன்னும் தெரியும். ஆத்திர அவசரத்துக்கு பிரேக் போடும்போது நிற்கும் தூரத்தில் கூடுதலாகச் சில மீட்டர். இந்தக் காரை ஏன் வாங்கினோமோ, அந்தக் காரணத்திலேயே கைவைக்கிறது இந்தத் தீர்வு. இதை யோசிக்காமல் "ஒரே செட், வேலை முடிந்தது" என்று போகிறவர்கள்தான் அதிகம்.

விண்டர் செட்டின் விலை நேரெதிர். முழுதும் முதலிலேயே கண்ணில் குத்தும். டயர், இரண்டாவது செட் ரிம், காற்றழுத்த சென்சார், வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுகிற வேலை, வைக்க இடம். ஆனால் டயருக்கான பணம் வீணாவதில்லை. விண்டர் டயர் ஓடும் மாதங்களில் சம்மர் டயர் தேயாமல் ஓய்வெடுக்கிறது. இரண்டு செட்டும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் வரும். உண்மையான கூடுதல் செலவு ரிம்மும் மாற்றுக்கூலியும்தான். இந்தக் கணக்கு ஒரே ஒரு இடத்தில் உதைக்கும். வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால், பட்டன் தேய்வதற்கு முன் ரப்பருக்கு வயதாகிவிடும். அப்போது இரண்டு செட்டையும் பாதி பட்டனோடு தூக்கிப்போட நேரும்.

விண்டர் டயரை வெயிலில் ஓட்டுவது பற்றியும் சொல்லவேண்டும். "எடுத்து மாட்ட யார் போவது, கோடையிலும் ஓடட்டும்" என்று விடுகிறவர்கள் உண்டு. இளகிய ரப்பர் சூட்டில் வேகமாகத் தேயும், நிற்கும் தூரம் கூடும், கார் மிதப்பதுபோல அசையும். மாற்ற மனமில்லாதவர் விண்டர் டயர் வாங்குவதைவிட மலைச் சின்னமுள்ள ஆல்-சீசன் வாங்குவது எவ்வளவோ மேல்.

ரிம் அளவு

ஸ்போர்ட்டி காருக்கென்று வரும் தனிச் சிக்கல் இது. பெரிய ரிம், ஒல்லியான சைடுவால் (டயரின் பக்கச் சுவர்), அகலமான டயர் என்பது ஷோரூமில் அழகு. குளிர்காலத்தில் சாலைக் குழிகள் பெருகும்போது, அதே ஒல்லி சைடுவால் அடியைத் தாங்காமல் ரிம் வளைந்துவிடும். அகலமான டயர் ஆழமான பனியில் கீழே இறங்கிப் பிடிக்காமல் மேலேயே மிதக்கும்.

அதனால் விண்டர் செட்டுக்கு ஒரு அங்குலம் இறங்குவது வழக்கம். உதாரணத்துக்கு, 225/40 ஆர் 18 டயரை எடுத்துக்கொள்வோம்: அகலம் 225 மி.மீ., ரிம் 18 அங்குலம். சைடுவால் 225-ல் 40 சதவீதம், அதாவது 90 மி.மீ. மொத்த விட்டம் சுமார் 637 மி.மீ. இதற்குப் பதிலாக 205/50 ஆர் 17 போட்டால் சைடுவால் 102.5 மி.மீ., மொத்த விட்டம் அதே 637-ஐ ஒட்டித்தான். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, ஏபிஎஸ் குழம்பாது, டயர் 20 மி.மீ. ஒல்லியாகி, குழிக்குத் தாங்கக் கூடுதலாக ஒரு சென்டிமீட்டர் ரப்பர் கிடைக்கிறது. பெரும்பாலும் விலையும் குறையும். உப்புத் தண்ணீர் அரிப்பது அழகான ரிம்மை அல்ல, இந்த இரண்டாவது ரிம்மை என்பது கூடுதல் ஆறுதல்.

ஆனால் வாங்குமுன் பார்க்கவேண்டியது பிரேக். பெரிய காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) உள்ள மாடல்களில் 17 அங்குல ரிம் உள்ளே இடித்துக்கொள்ளும். காரின் கையேட்டில் எந்த அளவுக்கு அனுமதி இருக்கிறதோ அதற்குள் நில்லுங்கள்; லோட் இன்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைச் சொல்லும் எண்) குறையக் கூடாது. முன்னால் ஒரு அகலம், பின்னால் ஒரு அகலம் என்று வரும் கார்களுக்கு, கையேடு அனுமதித்தால் நான்கும் ஒரே அளவில் விண்டர் செட் போடுவது வசதி. முன்பின் மாற்றிப் போட்டுச் சீராகத் தேய்க்கலாம்.

நான்கு சக்கரமும் இழுத்தால் போதாதா?

ஆல்-வீல் டிரைவ் வைத்திருப்பவர்களிடம் இந்த நம்பிக்கை வேர்விட்டிருக்கிறது. பனியில் சிக்னலிலிருந்து கிளம்புவதற்கு அது நிச்சயம் உதவும். நிறுத்துவதற்கு உதவாது. எல்லாக் கார்களுக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது, தரையைப் பிடிப்பது டயர் மட்டும்தான். சொல்லப்போனால் எளிதாகக் கிளம்ப முடிவதால், பிடி இருப்பதாக நினைத்து வேகமெடுத்துவிடுகிற ஆபத்து இதில் கூடுதல்.

பணத்தை மிச்சம் பிடிக்க இழுக்கிற இரண்டு சக்கரத்துக்கு மட்டும் விண்டர் டயர் போடுவதும் கூடாது. முன்சக்கர டிரைவில் முன்னால் மட்டும் போட்டால், வளைவில் பிரேக் தொட்டவுடன் முன்பக்கம் பிடித்து, பின்பக்கம் வீசிக்கொண்டு வந்துவிடும். பின்சக்கர டிரைவில் பின்னால் மட்டும் போட்டால், கார் கிளம்பும், ஆனால் திரும்பாது. போட்டால் நான்கும்.

தாழ்வான காராக இருந்தால் ஒன்று. பனியின் ஆழம் முன் பம்பரின் அடிவிளிம்பைத் தாண்டிவிட்டால் எந்த டயரும் காப்பாற்றாது. அன்றைக்கு வண்டியை எடுக்காமல் இருப்பதுதான் வழி.

அப்படியானால் யாருக்கு எது

வருடத்தில் நாலைந்து நாள்தான் பனி, அதுவும் மதியத்துக்குள் உருகிவிடும், அன்றைக்கு வீட்டிலேயே இருந்தால் வேலை கெடாது, குளிர் மட்டும் பூஜ்யத்தைச் சுற்றியே இருக்கும் என்றால், அல்ட்ரா ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆல்-சீசன் போதும். டயரை வைக்க இடமில்லாத அடுக்குமாடிக்காரருக்கும் இதுவே நடைமுறை. பனி நாட்கள் அதைவிடக் கூடுதல், ஆனாலும் ஒரே செட்தான் என்று உறுதியாக இருந்தால், மலைச் சின்னமுள்ள ஆல்-சீசனுக்கு இறங்குங்கள். கோடையில் கார் கொஞ்சம் சோம்பலாகும், ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது, சம்மர் ஒரு செட், விண்டர் ஒரு செட். உப்புத் தூவிய நெடுஞ்சாலைதான் பெரும்பாலும் என்றால் பெர்ஃபார்மன்ஸ் விண்டர். உள்தெருக்களில் வாரக்கணக்கில் ஐஸ் படிந்து கிடக்கிறது, விடிகாலையில் கிளம்பியாக வேண்டும் என்றால், ஸ்டியரிங் சுகத்தை அந்த நான்கு மாதம் மறந்துவிட்டு ஸ்டட்லெஸ். காரின் முழு ருசியும் வேண்டும், குளிரிலும் ஓட்டியாக வேண்டும் என்றால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சில இடங்களில் சட்டமே முடிவெடுத்துவிடும். கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைச் சின்னமுள்ள டயரோ, அனுமதித்த ஆணி டயரோ கட்டாயம். ஜெர்மனியில் தேதி இல்லை, சாலை நிலைமை குளிர்காலமாக இருந்தால் மலைச் சின்னமுள்ள டயர் வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் எம்+எஸ் மட்டும் போட்ட டயர் அங்கே செல்லாது. ஆஸ்திரியாவில் விண்டர் டயரின் பட்டன் ஆழம் 4 மி.மீ.-க்குக் குறைந்தால் அது விண்டர் டயராகவே கணக்கில் வராது. சட்டம் கேட்காவிட்டாலும் அந்த 4 மி.மீ. நல்ல அளவு. 1.6 மி.மீ. வரை ஓட்டுவது கோடைக்கான கணக்கு.

வாங்கிய பிறகு இரண்டே வேலை. வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினால் காற்று சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். இதமான நாளில் 25 டிகிரியில் பிடித்த காற்று மைனஸ் 10-ல் ஆறு பிஎஸ்ஐ வரை குறைந்திருக்கும். அதனால் குளிர் இறங்கியதும், வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது ஒரு முறை பாருங்கள். சக்கரம் மாற்றி 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) வைத்து இறுக்கிவிடுங்கள்.

இன்னும் முடிவுக்கு வரமுடியவில்லை என்றால், இப்போது காரில் இருக்கும் சம்மர் டயரின் பட்டனை அளந்து பாருங்கள். மொட்டையாகும் நிலையில் இருந்தால் எப்படியும் புது டயர் வாங்கத்தான் போகிறீர்கள், அப்போது ஆல்-சீசன் பக்கம் கணக்கு கொஞ்சம் சாயும். 5, 6 மி.மீ. மிச்சம் இருந்தால், நல்ல டயரைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு அதைவிடச் சுமாரான ஒன்றை வருடம் முழுக்க ஓட்டுவதில் அர்த்தமில்லை. விண்டர் செட்டையே பாருங்கள், அதுவும் முதல் பனிக்கு முன்னால். ஸ்போர்ட்டி அளவுகளைக் கடைகள் குறைவாகத்தான் வாங்கி வைக்கும். பனி விழுந்த மறுநாள் போனால் உங்கள் அளவு இருக்காது.